நாள்பட்ட வலிக்கு உடல், உள, சமூகச் சிகிச்சை: சேலத்துப் பிசியோதெரபிஸ்ட்டுகளைப் பயிற்றுவிக்க ஒரு வழிகாட்டி

சேலத்தில் பிசியோதெரபி அறைக்கு வருபவர் உட்காருவதற்கு முன்பே எம்ஆர்ஐ கவரை நீட்டிவிடுவார். அம்மாபேட்டையில் தறி நெய்யும் ஓர் அக்கா, ஜவுளிக்கடைப் பைக்குள்ளிருந்து மூன்று வருடத்துப் படங்களை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, "எல்லாம் இதில் எழுதியிருக்கிறது, நான் தனியாக என்ன சொல்ல?" என்று கேட்டார். இடுப்பில், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு (டிஸ்க்) ஒன்று லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. முன்பணம் கொடுத்த முதலாளிக்கு இன்னும் ஆறு சேலை பாக்கி, இரவு இரண்டு மணிக்கு விழித்தால் மறுபடி தூக்கம் இல்லை, "குனிந்தால் நரம்பு அறுந்துவிடும்" என்று யாரோ சொன்னதால் ஒரு வருடமாக வாசலில் கோலம் போடவில்லை என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கவில்லை.

எழுதாமல் விட்ட அந்தப் பகுதியையும் கேட்டு, அதற்கும் சேர்த்துச் சிகிச்சை தரப் பிசியோதெரபிஸ்ட்டுகளைப் பழக்குவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. நான்கைந்து பேர் வேலை செய்யும் ஒரு கிளினிக்கை நடத்துபவர், மருத்துவமனைப் பிரிவு ஒன்றைப் பொறுப்பேற்றிருப்பவர், கல்லூரியில் மாணவர்களைப் பயிற்சிக் காலத்தில் மேற்பார்வை செய்பவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: இரண்டு நாள் பட்டறையை மறந்துவிடுங்கள்

நான் முதலில் செய்தது அதுதான். சனி, ஞாயிறு இரண்டு நாள், நூறு ஸ்லைடு, மதியம் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். திங்கட்கிழமை காலை திரைக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டேன். என் மாணவர் ஒருவர் வந்தவரிடம், "தேய்மானம் அதிகமாக இருக்கிறது, இனிமேல் கீழே உட்காரவே கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அறிவு ஏறியிருந்தது, நாக்கு மாறவில்லை.

2023இல் 'லான்செட்' மருத்துவ இதழில், இதே வகைச் சிகிச்சையைச் சோதித்த ஓர் ஆய்வு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 492 பேர், அவர்களுக்குச் சிகிச்சை தர 18 பிசியோதெரபிஸ்ட்டுகள். பன்னிரண்டு வாரங்களில் அதிகபட்சம் ஏழு அமர்வு, பிறகு ஆறு மாதம் அளவில் ஒரு மறு அமர்வு. வலியாலான முடக்கம் குறைந்ததோடு, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. பயிற்றுவிப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. அந்தப் பதினெட்டுப் பேரும் வகுப்பில் கேட்டுவிட்டு நேரே போனவர்கள் அல்லர். நோயாளிகளோடு மேற்பார்வையில் பழகி, திறன் வந்துவிட்டதா என்று சரிபார்த்த பிறகே ஆய்வில் இறங்கினார்கள்.

ஆகவே என் திட்டம் இது: ஆறு பேருக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு வாரம். தொடக்கத்தில் மூன்று அரை நாள் வகுப்பு, அதன் பிறகு வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த வாரத்து நோயாளிகளைப் பற்றிப் பேசுவது. செவ்வாய் மதியம் எங்களுக்கு ஒத்துவந்தது, கூட்டம் குறைவு.

இரண்டாம் படி: சிகிச்சை தருபவரின் நம்பிக்கையிலிருந்து தொடங்குங்கள்

முதல் வகுப்பில் பாடம் வேண்டாம். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "இடுப்புவலிக்காரரிடம் நாம் வழக்கமாகச் சொல்லும் பத்து வாக்கியங்களை எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். அநேகமாக எல்லாத் தாளிலும் ஒரே பட்டியல் வரும்: டிஸ்க் விலகிவிட்டது, ஜவ்வு தேய்ந்துவிட்டது, எலும்போடு எலும்பு உரசுகிறது, குனியாதீர்கள், குடம் தூக்காதீர்கள், பெல்ட் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

அதை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் இந்த எண்களைப் போடுங்கள். 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, முதுகில் எந்த வலியும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் தெரிந்தது. ஐம்பது வயதில் அது 80 சதவீதம். வட்டுப் பிதுக்கம் இருபதில் 30 சதவீதம், ஐம்பதில் 60 சதவீதம். நரைத்த முடியைப் போல வயதோடு வருகிற ஒன்றை நோய் என்று பெயரிட்டுக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்பது அந்தக் கணத்தில் அறையில் இருப்பவர்களுக்கு உறைக்கும். சிலருக்குக் கோபமும் வரும். வரட்டும், அன்றைக்கே பேசித் தீர்த்துவிடுங்கள்.

நம் வாக்கியம் வெளியே போய் என்ன செய்கிறது என்பதையும் காட்ட வேண்டும். குழித்தறியில் நெய்பவரிடம் "கீழே உட்காராதீர்கள்" என்றால் தொழிலை விடச் சொல்கிறோம் என்று அர்த்தம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் காலை முதல் தரையில் அமர்ந்து பற்றவைப்பவரிடம் சொன்னாலும் அதே கதைதான்.

பிசியோதெரபிஸ்ட்டின் மனப்போக்கை அளக்க 'பாப்ஸ்-பிடி' என்று ஒரு வினாத்தாள் உண்டு. வலியைத் திசுவின் சேதமாக மட்டும் பார்க்கும் போக்கு எவ்வளவு, நடத்தையும் சூழலும் சேர்ந்ததாகப் பார்க்கும் போக்கு எவ்வளவு என்று இரண்டு பிரிவாக மதிப்பெண் வரும். முதல் நாளும் பன்னிரண்டாவது வாரமும் நிரப்பச் செய்து, தாளை அவரவரிடமே கொடுத்துவிடுங்கள். அதை வைத்து யாரையும் தரம் பிரிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: வலி அறிவியல், தேவையான அளவுக்கு

இதற்கு ஒரு அரை நாள் போதும். 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த வாயிற்கதவுக் கோட்பாடு, தண்டுவடத்திலேயே வலிச்சைகை கூட்டப்படலாம், குறைக்கப்படலாம் என்று காட்டியது. 1977இல் ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர், நோயை உடல், உள்ளம், சமூகம் மூன்றும் சேர்ந்ததாகப் பார்க்க வேண்டும் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார். பத்து வருடம் கழித்து, கார்டன் வாடெல் என்ற எலும்பு அறுவை மருத்துவர் அதை இடுப்புவலிக்குப் பொருத்தினார். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையில், வலி என்பது உணர்வும் உணர்ச்சியும் கலந்த அனுபவம், திசுச் சேதம் இருந்தாலும் வரும், இருப்பதைப் போலவே தோன்றியும் வரும் என்ற பொருள் தெளிவாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட வலி.

இவ்வளவையும் நோயாளியிடம் ஒப்பிக்கக் கூடாது. அதற்குத் தமிழே ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. கால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சல் என்கிறோம். கால் நோகிறது, மனமும் நோகிறது. உடம்பையும் மனத்தையும் தனித்தனி வார்டில் படுக்கவைக்கும் பழக்கம் பேச்சுத் தமிழுக்கு இல்லை, கல்லூரியில்தான் அதைக் கற்றுக்கொண்டோம். "போன மாதம் மகன் வேலையை விட்டபோது இந்த உளைச்சல் கூடியதா, அப்படியேதான் இருந்ததா?" என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது, புதிதாகப் படித்தவர்கள் எல்லோரும் அதில் விழுவார்கள்: "உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்." இதைவிட டிஸ்க் கதையே மேல். அதிலாவது வந்தவரைப் பொய் சொல்கிறார் என்று யாரும் சந்தேகிப்பதில்லை. வலி உண்மை என்பதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.

நான்காம் படி: அபாய அறிகுறிகள்

சமூகம், உள்ளம் என்று பேசுகிற உற்சாகத்தில் உடலைக் கோட்டைவிட்ட சிகிச்சையாளரும் உண்டு. அதனால் இந்தப் பட்டியல் சுவரில் இருக்கட்டும். சிறுநீர் போவதில் புதிதாகத் தடை, மலம் அடக்க முடியாமை, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், இரண்டு காலிலும் பலம் குறைதல் என்றால் அன்றைக்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. முன்பு புற்றுநோய் இருந்தவர், வயதான பெண் வழுக்கி விழுந்த பிறகு வந்த முதுகுவலி, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர் ஆகியோரை மருத்துவர் பார்த்த பிறகே தொட வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வையோடு முதுகுவலி வந்தால் முதுகெலும்புக் காசநோயை நினையுங்கள். மேலைநாட்டுப் பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் அந்த நோய் நம் ஊரில் அரிது அல்ல.

ஐந்தாம் படி: கேட்கப் பழக்குதல்

பன்னிரண்டு வாரத்தில் பாதி இதற்கே போகும், போக வேண்டும்.

1984இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கி சராசரி 18 வினாடியில் மருத்துவர் குறுக்கே புகுந்தார். நம் அறையில் எத்தனை வினாடி என்று தெரிய, ஒலிப்பதிவு வேண்டும். நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பயிற்சிக்கு மட்டும் என்று சொல்லுங்கள், கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். ஒவ்வொருவரும் முதல் மாதத்தில் மூன்று பதிவு. செவ்வாய்க்கிழமை ஒருவருடைய பதிவில் முதல் ஐந்து நிமிடம் மட்டும் எல்லோரும் கேட்பது.

அப்படிக் கேட்ட ஒன்று. கொண்டலாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த தம்பதி. கழுத்துவலி மனைவிக்கு. "எப்போதிலிருந்து அக்கா?" என்று கேட்கிறார் பயிற்சி பெறுபவர். பதில் கணவர் குரலில் வருகிறது. "எங்கே வலிக்கிறது?" அதற்கும் கணவர். மூன்றாவது நிமிடத்தில் அந்த அம்மா மெல்லிய குரலில், "ராத்திரியில்தான் அதிகம், நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும்" என்கிறார். நம் ஆள் சொன்ன பதில்: "கவலைப்படாதீர்கள், சரியாகிவிடும். கையைத் தூக்குங்கள்." அதற்குப் பிறகு பதிவு முடியும்வரை அந்த அம்மா வாயே திறக்கவில்லை.

பதிவை நிறுத்திவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தேன். பயிற்சி பெறுபவரே, "கதவைச் சாத்திவிட்டேன் இல்லையா சார்?" என்றார். அடுத்த அமர்வுக்குக் கணவரை வெளியே உட்காரச் சொல்லவில்லை, அது வீண் சந்தேகத்தைக் கிளப்பும். "அண்ணா, நீங்கள் கவனித்ததைக் கடைசியில் உங்களிடம் தனியாகக் கேட்கிறேன். இப்போது அக்கா வாயாலேயே கேட்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லச் சொன்னேன். வேலை செய்தது.

பழக்க வேண்டிய கேள்விகள் அதிகம் இல்லை. இந்த வலி எதனால் என்று நீங்களே நினைக்கிறீர்கள்? இதற்காக எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்? வலி கூடினால் என்ன ஆகிவிடும் என்று பயம்? வீட்டில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? தூக்கம் எப்படி? கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், கஷ்டமான பகுதி அதுதான். வாய்வுப் பிடிப்பு, சூடு, குடைச்சல், மதமதப்பு, யாரோ கண் வைத்தது என்று பதில் வந்தால் திருத்தக் கூடாது. அந்தச் சொல்லையே எடுத்து அடுத்த கேள்வியில் வைக்க வேண்டும்.

வலிக்கு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் சொல்லச் சொன்னால் பெரியவர்கள் விழிப்பார்கள். "கையில் பத்து ரூபாய் இருக்கிறது, இன்றைக்கு எத்தனை ரூபாய்க்கு வலிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பாட்டி "பன்னிரண்டு, கடன் வாங்கித்தான் வலிக்கிறது" என்றார்.

ஆறாம் படி: அறையை விட்டு வெளியே போங்கள்

சமூகம் என்ற மூன்றாவது பகுதி எல்லாப் பயிற்சியிலும் நோஞ்சானாகவே இருக்கிறது. உளவியல் பகுதிக்கு வினாத்தாளாவது உண்டு, இதற்குக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை. குறைந்தது இரண்டு களப்பயணம் திட்டத்தில் எழுதுங்கள்.

ஒன்று தறிக்கூடம். குழித்தறியில் கால் மிதிபலகையில், கை நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடத்தை) இழுக்கிறது, கண் நீள நூலான பாவில். அங்கே போகும்வரை "அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்" என்று என் ஆட்கள் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நெய்த அளவுக்குக் கூலி வாங்குபவருக்கு எழுந்து நிற்கும் நேரம் காசு. ஆனால் நாடாவுக்குள் இருக்கும் தார், அதாவது குறுக்கு நூல் சுற்றிய சிறு குச்சி, தீர்ந்தால் எப்படியும் கை நின்றாக வேண்டும். அம்மாபேட்டை அக்கா மொத்தத் தாரையும் மடிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். நான்கை மட்டும் பக்கத்தில் வைத்து, மிச்சத்தைக் கூடையோடு சுவரோரம் வைக்கச் சொன்னோம். நான்கு தார் முடிந்தால் எழுந்து போய் எடுத்துவர வேண்டும். கடிகாரம் வேண்டாம், அறிவுரை வேண்டாம். இந்த யோசனை எந்தப் பாடநூலிலும் இல்லை, தறிக்குப் பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்ததில் பயிற்சி பெறுபவர் ஒருவருக்கே தோன்றியது.

இன்னொன்று ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு தோட்டத்தைப் பாருங்கள். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, இடுப்பில் பை, பறித்த எடைக்குக் கூலி. நாகலூர் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒருவர் சேலத்துக்குச் சிகிச்சைக்கு வர ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகும். அவரிடம் "பத்து நாள் தொடர்ந்து வாருங்கள்" என்றால், மூன்றாவது நாள் வரவில்லை என்று கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவோம். நான்கு நேரடி அமர்வு, நடுவில் தொலைபேசி என்று மாற்றிப் போடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் உண்டு. அந்த ஊர்ப் பணியாளரோடு பேசி வைத்துக்கொள்வது பயிற்சியின் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

ஏழாம் படி: பயந்த அசைவை மீட்டல்

2000இல் விளேயன், லிண்டன் என்ற உளவியலாளர்கள் விளக்கிய அச்ச–தவிர்ப்பு மாதிரி எளிமையானது. வலி பயத்தைத் தருகிறது, பயம் அசைவைத் தவிர்க்கச் செய்கிறது, தவிர்த்ததால் உடம்பு தளர்கிறது, தளர்ந்ததால் இன்னும் வலிக்கிறது. இதை வரைந்து காட்டுவதோடு நிற்காமல், நோயாளி பயப்படும் செயல்களின் புகைப்படங்களை நீங்களே எடுத்து ஒரு கட்டாக வைத்துக்கொள்ளுங்கள். குடம் தூக்குவது, கோலம் போடுவது, பேருந்தின் கடைசி இருக்கை, பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போவது, தறிக்குழிக்குள் இறங்குவது. எது குறைந்த பயம், எது அதிகப் பயம் என்று அவரே வரிசைப்படுத்தட்டும். கீழிருந்து ஒவ்வொன்றாக, அறையிலேயே, உங்கள் கண் முன்னால்.

கோலத்தை விட்ட அந்த அக்காவுக்கு அறைத் தரையில் சாக்கட்டியால் நான்கு புள்ளி வைக்கச் சொன்னோம். குனிவதற்கு முன், "எத்தனை ரூபாய்க்கு வலிக்கும் என்று நினைக்கிறீர்கள்?" எட்டு என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதுகை விறைத்துக் குனிந்தார். ஆறு. மூச்சை விட்டு, முதுகைத் தளர்த்தி வளைய விட்டு, முழங்காலையும் மடக்கச் சொன்னோம். நான்கு. நிமிர்ந்தவர் சிறிது நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது சிகிச்சையாளர் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்: "நீங்கள் நினைத்ததற்கும் நடந்ததற்கும் என்ன வித்தியாசம் அக்கா?" விளக்கத்தை அவர் வாயிலிருந்து வரவைப்பதுதான் பயிற்சி. முந்திக்கொண்டு சொல்லிவிடும் ஆசையை அடக்க என் ஆட்களுக்குச் சராசரி ஐந்து வாரம் பிடித்தது.

கூட்டும் அளவில் நிதானம் வேண்டும். நல்ல நாளில் வீடு முழுவதும் கழுவிவிட்டு மூன்று நாள் படுப்பவருக்கு, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் செய்ய முடிகிற அளவைக் கண்டுபிடித்து அங்கிருந்து வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

எட்டாம் படி: கரண்ட் மெஷினை என்ன செய்வது?

"கரண்ட் வைக்கவில்லையா?" என்று கேட்காத நோயாளி நம் ஊரில் இல்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல் இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் ஒலி அலைச் சிகிச்சை, தோல் வழியே லேசான மின்சாரம் தரும் டென்ஸ், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. விளக்கிக் கற்பித்தல், உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை முறைகள் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது.

ஆனால் பத்து நாள் கரண்ட் என்ற பொட்டலத்தில்தான் பல கிளினிக்கின் வாடகை ஓடுகிறது. உரிமையாளர் இதை ஒப்புக்கொள்ளாமல் ஊழியரை மட்டும் பயிற்றுவித்தால், படித்து வந்தவர் மூன்றாவது மாதம் ராஜினாமா செய்வார் அல்லது பழையபடி ஆகிவிடுவார். முதல் அமர்வை நாற்பத்தைந்து நிமிடமாக்கி அதற்கேற்ற கட்டணம் வையுங்கள், அமர்வின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆரம்பத்தில் வருமானம் குறையும். இதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கை வைத்துச் செய்யும் சிகிச்சையை ஒதுக்க வேண்டியதில்லை. தொட்டுப் பார்க்காதவரை வைத்தியர் என்று நம் மக்கள் ஏற்பதில்லை. "எலும்பை இடத்தில் பொருத்திவிட்டேன்" என்று சொல்லாமல் செய்தால் போதும்.

ஒன்பதாம் படி: எல்லை

பிசியோதெரபிஸ்ட் மனநல மருத்துவர் அல்லர். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, சோர்வு என்று சொல்பவரையும், "இருந்து என்ன பயன்" என்று சொல்பவரையும் அடையாளம் காணவும், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கவும் பழக்குங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 ஒவ்வொரு மேசையிலும் இருக்கட்டும், அனுப்ப வேண்டிய மனநல மருத்துவரிடம் முன்பே பேசி வைத்திருங்கள். வீட்டில் அடி வாங்குவதாகத் தெரியவந்தால் என்ன செய்வது என்பதையும் நடித்துப் பார்த்துப் பழக வேண்டும், அந்த நாள் வந்த பிறகு யோசிக்க முடியாது. கேட்பவருக்கும் சுமை ஏறும். செவ்வாய் கூட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் அதற்கு.

பத்தாம் படி: அளந்து பார்த்தல்

நோயாளிக்கு ஒரே அளவுகோல் போதும் என்பது என் கருத்து. முடியாமல் போன மூன்று செயல்களை அவரே சொல்லட்டும், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு முடிகிறது என்று ஒவ்வொரு அமர்விலும் குறியுங்கள். வலி எண் அப்படியே இருந்தும் கோலம் மூன்றிலிருந்து எட்டுக்குப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பயிற்சி பெற்றவரை அளக்க மறுபடியும் ஒலிப்பதிவுதான். பன்னிரண்டாவது வாரம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. நோயாளி குறுக்கீடு இல்லாமல் எத்தனை வினாடி பேசினார், பயமுறுத்தும் சொல் எத்தனை வந்தது, வீட்டில் செய்ய வேண்டியதை அவரே திருப்பிச் சொன்னாரா என்ற மூன்றை மட்டும் எண்ணுங்கள். ஆறாவது மாதப் பதிவில் பயிற்றுவிப்பவரும் சேர வேண்டும். போன முறை என் பதிவைப் போட்டபோது நாற்பதாவது வினாடியில் 'தேய்மானம்' என்ற சொல் வந்தது. முதல் நாள் கரும்பலகையில் நான் அடித்துக் காட்டிய சொல். மாணவர்கள் சிரித்தார்கள், ஒருவர் எழுந்து அதைத் தாளில் குறித்துக்கொண்டார்.